வேதிப் பொறியியலில் பிஎச்.டி.: சேருமுன் கேட்கும் கேள்விகள்

மார்ச்சில் கேட் (பொறியியல் மேற்படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வு) முடிவு வந்துவிட்டால் எனக்குப் போன் வர ஆரம்பிக்கும். ஊர்க்காரப் பிள்ளைகள், நான் படித்த கல்லூரியின் ஜூனியர்கள், கூட வேலை பார்ப்பவர்களின் தம்பி தங்கைகள் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் பிஎச்.டி. முடித்தது இந்தியாவில், பரிசோதனைகள் நடக்கும் ஓர் ஆய்வகத்தில். இப்போது ஒரு நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் இருக்கிறேன். ஆகவே இங்கே சொல்வதில் பெரும்பகுதி அந்த அனுபவத்திலிருந்து வருவது.

வேதியியல் பிஎச்.டி.க்கும் வேதிப் பொறியியல் பிஎச்.டி.க்கும் என்ன வித்தியாசம்?

ஒரு லிட்டர் குடுவையில் ஒரு வினை நடக்கிறது, வெப்பம் வெளிவருகிறது, ஐஸ் தண்ணீரில் வைத்தால் அடங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வினையை ஆயிரம் லிட்டர் கலனில் செய்யப் போகிறோம். கலனின் நீள அகலம் பத்து மடங்கு ஆகும்போது உள்ளே இருக்கும் சரக்கு ஆயிரம் மடங்காகிறது. வெளிச்சுவரோ நூறு மடங்குதான் ஆகிறது. வெப்பம் பிறப்பது சரக்கு முழுவதிலும், வெளியேறுவது சுவர் வழியாக மட்டும். ஆக, ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் குளிர்ச்சி பத்தில் ஒரு பங்காகிவிடும். குடுவையில் சாதுவாக இருந்த வினை பெரிய கலனில் கட்டுமீறிப் போகலாம்.

இந்தக் கணக்கில்தான் நம் துறை குடியிருக்கிறது. எந்த மூலக்கூறு எதோடு சேரும் என்பதை வேதியியல் ஆய்வாளர் பார்ப்பார். அது எவ்வளவு வேகத்தில் சேரும், வெப்பம் எந்தப் பக்கம் போகும், கலவை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்குமா, பிரித்தெடுக்க எவ்வளவு ஆற்றல் செலவாகும் என்பவை நாம் பார்க்க வேண்டியவை. இன்று இரண்டுக்கும் நடுவே கோடு மங்கிப்போய்விட்டது உண்மைதான். பேட்டரி, வினையூக்கி, மருந்துத் துகள் எல்லாவற்றிலும் இரு தரப்பும் வேலை செய்கிறார்கள். ஆனாலும் ஒரு வைவாவில் (ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில்) உட்கார்ந்து கேள்விகளைக் கேட்டாலே எந்தத் துறை என்று தெரிந்துவிடும்.

ஆய்வு என்றால் புதிதாக எதையாவது கண்டுபிடித்தே ஆக வேண்டுமா?

புதிய இயந்திரமோ புதிய பொருளோ வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இதுவரை யாருக்கும் தெரியாத ஒரு விஷயத்தை, மற்றவர் சரிபார்க்கக்கூடிய முறையில், தெரிந்த விஷயமாக மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாத ஏற்பாட்டோடுதான் ஆலைகள் ஓடுகின்றன. சவ்வு வழியாக அழுத்தி நல்ல தண்ணீரை எடுத்துவிடுகிறார்கள், மிஞ்சும் உப்புக்கரைசலைக் கொதிக்க வைத்து வற்றவிடுகிறார்கள். கடைசியில் நிற்பது சோடியம் சல்பேட்டும் சாதாரண உப்பும் சாயத்தின் மிச்சமும் கலந்த ஒரு கலவை உப்பு. அதைத் திரும்பச் சாயத்தொட்டியில் போட முடியாது, கீழே கொட்டவும் முடியாது.

“திருப்பூர்க் கழிவுநீர்ப் பிரச்சினையைத் தீர்ப்பது” பிஎச்.டி. தலைப்பு ஆகாது. அது ஒரு ஊரின் வேலை. சோடியம் சல்பேட் ஏறக்குறைய 32 டிகிரிக்குக் கீழே தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு படிகமாகும், அதற்கு மேலே தண்ணீர் இல்லாத படிகமாகும். சாயத்தின் மிச்சம் கரைசலில் இருக்கும்போது அந்தப் படிகம் எவ்வளவு சுத்தமாக வரும், எந்த வேகத்தில் குளிரவைத்தால் சாயம் உள்ளே மாட்டிக்கொள்ளாது? இது பிஎச்.டி. தலைப்பு. நான்கைந்து வருடத்தில் ஒருவர் நேர்மையாகப் பதில் சொல்லக்கூடிய அளவு.

யார் சேரலாம்? எம்.டெக். கட்டாயமா?

கட்டாயம் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிமுறைப்படி நான்கு வருட இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் இருந்தாலே நேரடியாகச் சேரலாம். ஐஐடிகளுக்கு யுஜிசி விதி பொருந்தாது, அவற்றுக்கென்று தனி விதி உண்டு. அங்கேயும் பி.டெக். முடித்தவர்கள் நல்ல கேட் மதிப்பெண்ணோடு நேரடியாகச் சேரலாம். பி.டெக்.கை ஐஐடி, என்ஐடி போன்ற மத்திய அரசு நிதியில் நடக்கும் கல்லூரியில் படித்து சிஜிபிஏ 8-க்கு மேல் இருந்தால், கேட் இல்லாமலே பல ஐஐடிகள் நேர்முகத்துக்குக் கூப்பிடும்.

எம்.டெக். செய்துவிட்டுப் போவதில் ஒரு லாபம் இருக்கிறது. ஆராய்ச்சி நமக்கு ஒத்துவருமா என்று ஒரு வருட ப்ராஜெக்டிலேயே தெரிந்துவிடும். என் கல்லூரி சுயநிதிக் கல்லூரி. அங்கே பி.டெக். படிக்கும்வரை ஒரு கேஸ் குரோமட்டோகிராஃபை (கலவையைப் பிரித்து அளக்கும் கருவியை) நான் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன். என்னைப் போன்றவர்களுக்கு எம்.டெக். வழியே நல்லது என்பேன்.

கேட் மதிப்பெண் எவ்வளவு வேண்டும்?

வேதிப் பொறியியல் தாளில் 65 கேள்விகள், 100 மதிப்பெண், 3 மணி நேரம். மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். எந்த நிறுவனத்தில் எவ்வளவு போதும் என்பது வருடத்துக்கு வருடம் மாறும், அதனால் எண் சொல்ல மாட்டேன். கேட் உங்களை நேர்முக அறையின் வாசல்வரை கொண்டுபோய் விடும். உள்ளே போன பிறகு அதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை.

நேர்முகத்தில் என்ன கேட்பார்கள்?

அடிப்படை. பொருள்சமநிலை, வெப்பக் கடத்தல், வெப்ப இயக்கவியல், வினைப் பொறியியல், கொஞ்சம் வகைக்கெழுச் சமன்பாடு. “உனக்குப் பிடித்த இரண்டு பாடம் சொல்லு” என்பார்கள். மதிப்பெண் அதிகம் வாங்கிய பாடத்தைச் சொல்லாமல், நிஜமாகவே புரிந்த பாடத்தைச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டது காபி. ஒரு டம்ளர் சூடான காபி ஆற எவ்வளவு நேரமாகும், எப்படிக் கணக்கிடுவாய் என்றார்கள். நியூட்டனின் குளிர்தல் விதியை எழுதினேன். “மூடி போட்டால்?” என்றார் ஒருவர். அப்போதுதான் உறைத்தது. மேற்பரப்பில் தண்ணீர் ஆவியாவதுதான் சூட்டில் பெரிய பங்கை எடுத்துக்கொண்டு போகிறது. நான் எழுதிய சமன்பாட்டில் அது இல்லவே இல்லை. “டபராவில் ஆற்றினால்?” என்றார் அடுத்தவர். பரப்பு கூடுகிறது, ஆவியாதலும் கூடுகிறது என்று மெதுவாகக் கோத்துச் சொன்னேன். முதல் பதில் தப்பாகத்தான் இருந்தது, ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள். தெரியாததைத் தெரிந்ததிலிருந்து கட்டி எழுப்ப வருகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். இதை நான் பின்னாளில் அதே மேசையின் மறுபக்கம் உட்கார்ந்தபோது உறுதியாகத் தெரிந்துகொண்டேன்.

மாதம் எவ்வளவு கிடைக்கும்? வீட்டுக்கு அனுப்ப முடியுமா?

2023 ஜனவரி முதல் நடப்பில் வந்த உயர்வின்படி, மத்திய அரசின் ஆய்வு உதவித்தொகை முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய். விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப் படி தனி. பிரதம மந்திரி ஆய்வு உதவித்தொகை 2018-ல் தொடங்கியபோது 70,000 முதல் 80,000 வரை வைத்தார்கள், கூடவே ஆய்வுச் செலவுக்கு வருடம் 2 லட்சம். அதில் போட்டி மிகக் கடுமை. நான் சேர்ந்த காலத்தில் தொகை 16,000. அதிலும் வீட்டுக்கு அனுப்பினேன். விடுதியில் இருந்தால் முடியும்.

ஒன்றை மட்டும் கவனித்துக் கேளுங்கள். உங்கள் தொகை நிறுவனத்திலிருந்து வருகிறதா, நெறியாளரின் (உங்கள் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரின்) ப்ராஜெக்டிலிருந்து வருகிறதா? நிறுவனத் தொகை மாதம் தவறாமல் வரும், பதிலுக்கு வாரம் எட்டு மணி நேரம் கீழ்வகுப்பு மாணவர்களுக்கு உதவ வேண்டியிருக்கும். ப்ராஜெக்ட் பணம் வருடாந்தரத் தவணையாக வருவது. தவணை தாமதமானால் உங்கள் மாதமும் தாமதமாகும். ப்ராஜெக்ட் மூன்று வருடத்தில் முடிந்துவிடும், பிஎச்.டி. ஐந்து வருடம் ஓடும். என் பக்கத்து மேசைக்காரருக்கு ஒருமுறை ஐந்து மாதம் பணம் வரவில்லை. அவருக்குக் கல்யாணம் ஆகிக் குழந்தையும் இருந்தது. அந்த ஐந்து மாதம் நாங்கள் நான்கு பேர் சேர்ந்துதான் அவர் வாடகையைக் கட்டினோம். “ப்ராஜெக்ட் எப்போது முடிகிறது, அதற்குப் பிறகு என்ன ஏற்பாடு?” என்று சேர்வதற்கு முன்னால் கேட்பது மரியாதைக்குறைவு இல்லை. கேளுங்கள்.

பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்குத் தனியாக தேசிய உதவித்தொகைகள் உண்டு. தமிழக ஆதிதிராவிடர் நலத்துறையும் முழுநேர ஆய்வாளர்களுக்கு ஊக்கத்தொகை தருகிறது. கல்லூரி அலுவலகத்தில் இதை யாரும் தேடி வந்து சொல்ல மாட்டார்கள், நீங்களே போய்க் கேட்க வேண்டும்.

எங்கே சேரலாம்?

ஐஐடிகள், பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனம், என்ஐடிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. மும்பையின் ஐசிடி (வேதித் தொழில்நுட்ப நிறுவனம்) 1933-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கியது. எம்.எம். சர்மா கேம்பிரிட்ஜில் ஆய்வு முடித்து 1964-ல் அங்கே திரும்பிவந்து, உலகம் திரும்பிப் பார்க்கும் ஓர் ஆய்வுப் பள்ளியைக் கட்டினார். அவரிடம் பிஎச்.டி. செய்தவர்தான் பின்னாளில் சிஎஸ்ஐஆரின் (அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கழகத்தின்) தலைமை இயக்குநரான மஷேல்கர். இந்தியாவில் செய்த பிஎச்.டி.க்கு மதிப்பு இருக்குமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பரம்பரையைத்தான்.

தமிழ்நாட்டுக்குள் என்றால் ஐஐடி மெட்ராஸ், திருச்சி என்ஐடி, அப்புறம் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி). இந்த ஏ.சி. டெக் 1944-ல் அழகப்பச் செட்டியாரின் கொடையில் வந்தது. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் வருவதற்கும் அவர்தான் நிலமும் பணமும் கொடுத்தார். அது 1953-ல் திறக்கப்பட்டது. பேட்டரி, அரிமானம் (துருப்பிடித்தல் போன்றது), மின்பூச்சு பற்றி ஆய்வு செய்ய நினைக்கும் தமிழ்நாட்டு மாணவர்களில் பலர் இந்த இடத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம். தோல், கழிவுநீர் என்றால் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களில் சேர்பவர்களுக்கு அக்சிர் என்ற கல்வி நிறுவனம் வழியாகப் பட்டம் கிடைக்கும். கல்பாக்கம் போன்ற அணுசக்தித் துறை ஆய்வகங்களுக்கு ஹோமி பாபா தேசிய நிறுவனம்.

நெறியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கல்லூரியின் பெயரை முதலில் பார்த்து, தலைப்பை அடுத்துப் பார்த்து, ஆளைக் கடைசியில் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. தலைகீழாகச் செய்யுங்கள். ஐந்து வருடம் நீங்கள் வாழப்போவது கல்லூரியின் பெயருக்குள் இல்லை, ஓர் அறைக்குள். அந்த அறை எப்படி நடக்கிறது என்பதைத் தீர்மானிப்பவர் ஒருவர்தான்.

எப்படித் தெரிந்துகொள்வது? இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை ‘சோத்கங்கா’ என்ற இணையக் களஞ்சியத்தில் யாரும் படிக்கலாம். அதில் இல்லாத நிறுவனங்களின் ஆய்வேடுகள் பெரும்பாலும் அவற்றின் நூலகத் தளத்தில் இருக்கும். நீங்கள் நினைக்கும் நெறியாளரிடம் முடித்த நான்கைந்து பேரின் ஆய்வேடுகளைத் திறந்து பாருங்கள். சேர்ந்த வருடம், முடித்த வருடம் பாருங்கள். நன்றியுரையைப் படியுங்கள். கடமைக்கு எழுதிய நன்றிக்கும் மனசார எழுதிய நன்றிக்கும் வித்தியாசம் தெரியும். யார் யாரெல்லாம் கட்டுரைகளில் பெயரோடு வந்து, பிறகு ஆய்வேடே இல்லாமல் காணாமல் போயிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். அது முக்கியமான தகவல்.

அடுத்து, இப்போது அங்கே இருக்கும் மாணவர்களோடு பேசுங்கள். “சார் எப்படி?” என்று கேட்டால் “நல்லவர்” என்றுதான் சொல்வார்கள். கேட்க வேண்டியது வேறு. நீங்கள் எழுதிய வரைவைத் திருத்திக் கொடுக்க எத்தனை நாள் ஆகும்? கடைசியாக எப்போது ஆய்வகத்துக்குள் வந்தார்? ஒரு பரிசோதனை தோற்றுப்போனதைச் சொன்னால் என்ன செய்வார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் எல்லாம் இருக்கிறது. தோல்வியைச் சொல்லப் பயப்படும் ஆய்வகத்தில் எண்கள் தானாகவே அழகாகிவிடும். அங்கே போகாதீர்கள்.

யுஜிசி விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை எடுக்கலாம். புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியரிடம் முதல் மாணவராகப் போகலாமா என்று கேட்பார்கள். போகலாம். கருவிகளை நீங்களே வாங்கிப் பூட்ட வேண்டியிருக்கும், முதல் வருடம் அதிலேயே போகும். ஆனால் அவர் உங்களோடு நின்று வேலை செய்வார். நானும் அப்படித்தான் சேர்ந்தேன். முதல் டெண்டர் முதல் கடைசி ஸ்க்ரூ வரை எனக்குத் தெரியும் என்பதே பிற்பாடு எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது.

பரிசோதனை நல்லதா, கணினியில் செய்வது நல்லதா?

உங்கள் சுபாவத்தைப் பொறுத்தது. கணினி ஆய்வு என்றால் மென்பொருள்கள்தான் கருவி: பாய்ம (திரவ, வாயு) ஓட்டத்துக்கு ஓப்பன்ஃபோம், ஆலை மாதிரிக்கு ஆஸ்பென், மூலக்கூறு அளவில் லாம்ப்ஸ் அல்லது க்ரோமாக்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே பைத்தான் நிரல்மொழி. பரிசோதனைக்காரர்களும் பைத்தான் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். கணினி ஆய்வில் சிலிண்டர் தீர்ந்துபோகாது, கருவி பழுதானால் மூன்று மாதம் சர்வீஸ் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டாம். பதிலுக்கு, உங்கள் விடை சரி என்று யாருடைய அளவீட்டை வைத்துக் காட்டுவது என்ற கவலை எப்போதும் இருக்கும்.

ஆய்வகத்தில் நாள் எப்படிப் போகும்? நிஜமாகச் சொல்லுங்கள்.

நிஜமாக ஒரு விஷயத்தையே சொல்கிறேன். நிலக்கடலைத் தோலைக் காற்றில்லாமல் 500 டிகிரியில் சூடாக்கி, வரும் ஆவியைக் குளிரவைத்து எண்ணெய் எடுப்பதுதான் என் வேலை. நூறு கிராம் தோல் போட்டால் கரி, எண்ணெய், வாயு மூன்றும் சேர்த்து நூறு கிராம் வர வேண்டும். எனக்கு 87 வந்தது. மறுபடி செய்தேன், 86. மறுபடி, 88. பதின்மூன்று கிராம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

அப்பா எங்கள் ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தார். ராத்திரி கல்லாவை எண்ணி நோட்டோடு ஒத்துப்பார்க்காமல் ஷட்டரை இறக்க மாட்டார். பத்து ரூபாய் இடித்தாலும் உட்கார்ந்து தேடுவார். அவர் மகளுக்குப் பதின்மூன்று கிராம் இடிக்கிறது. தூக்கம் வரவில்லை.

முதலில் சோப்புத் தண்ணீர். ஒவ்வொரு குழாய் இணைப்பிலும் தூரிகையால் தடவி, குமிழி வருகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். குளிர்விப்பானுக்கு மேலே உள்ள இணைப்பில், ஃபெரூல் என்னும் சிறு உலோக வளையம் கோணலாக உட்கார்ந்திருந்தது. கடுகளவு குமிழிகள் வரிசையாக வந்தன. மாற்றினேன். 90 ஆனது. அதற்கு மேல் அசையவில்லை. தராசைச் சோதித்தேன், வாயு மீட்டரைச் சோதித்தேன், கரியில் ஈரம் ஏறுகிறதா என்று பார்த்தேன். இரண்டு மாதம் போனது.

எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன் ஒரு நாள் வெளியேற்றுக் குழாயைக் கழுவிக்கொண்டே, “இதென்னம்மா, வாயு மட்டும்தானே இதுல போகுது, எதுக்கு டிகாஷன் மாதிரி பிசுபிசுன்னு இருக்கு?” என்றார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஐஸில் வைத்த குளிர்விப்பானில் ஆவி திரவமாகியிருக்கிறது. ஆனால் ஒரு பகுதி நுண்ணிய பனித்துளியாக மாறி, சுவரில் ஒட்டாமல் வாயுவோடு மிதந்தே வெளியே போயிருக்கிறது. மருந்துக்கடையிலிருந்து பஞ்சு வாங்கி வந்தோம். எடைபோட்டு, ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்து வழியில் வைத்தோம். ஒரு மணி நேரத்தில் வெள்ளைப் பஞ்சு கருப்பட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. எடுத்து எடைபோட்டால் ஏழு கிராம் கூடியிருந்தது. 97. அன்றைக்கு நாங்கள் இருவரும் காபி குடிக்கக்கூடப் போகாமல் அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்தப் பனித்துளி விவகாரம் துறையில் முன்பே தெரிந்ததுதான். நான் சரியாகப் படிக்காமல் விட்டிருந்தேன். ஆனாலும் இன்றைக்கு வேலையில் யாராவது ஓர் அறிக்கையை நீட்டினால் நான் முதலில் பார்ப்பது வரவும் செலவும் சமமா என்பதைத்தான். பிஎச்.டி.யில் எனக்கு மிஞ்சியது எது என்று கேட்டால், ஆய்வேட்டைவிட இந்தப் பழக்கத்தையே சொல்வேன்.

ஆய்வகத்தில் ஆபத்து உண்டா?

உண்டு. 2008 டிசம்பர் கடைசியில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாக ஆய்வகம் ஒன்றில், காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் ஒரு திரவத்தை ஊசிக்குழலால் எடுத்தபோது குழல் பிரிந்து, 23 வயது ஆய்வு உதவியாளரின் உடையில் தீப்பற்றியது. ஆய்வக அங்கி போட்டிருக்கவில்லை. மேலே இருந்தது செயற்கை இழை ஸ்வெட்டர். 18 நாள் கழித்து இறந்துபோனார். பருத்தி அங்கி, கண்ணாடி, மூடிய செருப்பு, ராத்திரி தனியாக வேலை செய்யாமை. இந்த நான்கையும் சொல்லித்தராத ஆய்வகமாக இருந்தால் நீங்களே ஆரம்பியுங்கள். துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு, தலைமுடியைக் கட்டிக்கொண்டு உள்ளே போங்கள். ஹைட்ரஜன் சிலிண்டரைச் சங்கிலியால் சுவரோடு கட்டியிருக்கிறார்களா என்று சேரும் முன்பே எட்டிப்பாருங்கள், ஆய்வகத்தின் குணம் அதிலேயே தெரியும்.

எத்தனை வருடம் ஆகும்?

விதிப்படி குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஆறு, தேவைப்பட்டால் இரண்டு வருட நீட்டிப்பு. நடைமுறையில் பரிசோதனை ஆய்வுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் பாடங்கள், பிறகு தகுதித் தேர்வு, அதன்பின் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை டாக்டரல் கமிட்டி (உங்கள் முன்னேற்றத்தைப் பார்க்கும் பேராசிரியர் குழு) கூடும். உதவித்தொகை ஐந்து வருடத்தோடு நின்றுவிடும் என்பதை மனதில் வைத்து மூன்றாம் வருடக் கடைசியிலிருந்தே எழுதத் தொடங்குங்கள்.

எத்தனை கட்டுரை வெளியிட வேண்டும்?

2022 விதியில் யுஜிசி கட்டுரைக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. ஆனால் பல நிறுவனங்கள் தங்கள் விதியில் வைத்திருக்கின்றன. பணம் வாங்கிக்கொண்டு பத்து நாளில் வெளியிடும் இதழ்கள் வாட்ஸாப்பில் தேடி வரும். அந்தப் பக்கமே போக வேண்டாம். வேலைக்கான நேர்முகத்தில் அந்தக் கட்டுரை உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும். பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒற்றுமைச் சோதனையில் 10 சதவீதம் வரை விதி அனுமதிக்கிறது.

தமிழ் வழியில் படித்தவர்கள் சமாளிக்க முடியுமா?

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. முடியும். முதல் கருத்தரங்கில் என் குரல் நடுங்கியது, உண்மைதான். ஆனால் அறிவியல் எழுத்துக்கு வேண்டியது அலங்காரம் இல்லாத சின்னச் சின்ன வாக்கியங்கள். தினமும் செய்ததை நோட்டில் ஆங்கிலத்தில் பத்து வரி எழுதுங்கள். இரண்டு வருடத்தில் கை பழகிவிடும். முதலில் தமிழில் யோசித்து யாருக்காவது விளக்கிப் பாருங்கள். தமிழில் விளக்க முடியாத விஷயம் பெரும்பாலும் நமக்கே புரியாத விஷயமாக இருக்கும்.

கல்யாணம், குழந்தை என்று வந்தால்?

வீட்டில் “இருபத்தாறு ஆச்சே” என்று ஆரம்பிப்பார்கள். ஆய்வுக்காலத்தில் மொத்தமாக 240 நாள் மகப்பேறு விடுப்பு உண்டு, பெண்களுக்கு அதிகபட்சக் காலத்துக்கு மேலும் இரண்டு வருடம் கிடைக்கும். உரிமை என்று எழுதியே இருக்கிறது, தயங்காமல் கேளுங்கள். மற்றபடி, கணவர் வீட்டார் இதைப் ‘படிப்பு’ என்று நினைக்காமல் ‘வேலை’ என்று நினைக்கும்படி ஆரம்பத்திலேயே பேசிவிடுவது நல்லது. என் மாமியாரிடம் நான் “காலேஜ் போறேன் அத்தை” என்று சொன்னதே இல்லை, “வேலைக்குப் போறேன் அத்தை” என்றுதான் சொல்வேன். அதனால் வீட்டில் நிறைய மாறியது.

வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகச் செய்யலாமா?

நிறுவனத்தின் தடையில்லாச் சான்று இருந்தால் செய்யலாம். ஆய்வும் அலுவலக வேலையும் ஒரே ஆலையைச் சுற்றி இருந்தால் நன்றாக நடக்கும். இரண்டும் வேறு வேறு என்றால் மிகவும் சிரமம்.

வெளிநாடு போவது நல்லதா?

அமெரிக்காவில் பி.டெக். முடித்தே நேராகச் சேரலாம். முதலில் துறையில் சேர்த்துக்கொள்வார்கள், முதல் பருவத்தில் பேராசிரியர்கள் தங்கள் ஆய்வைச் சொல்வார்கள், பிறகு நீங்கள் தேர்வு செய்யலாம். விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பரில், முடிவைச் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம். கல்விக் கட்டணத்தை அவர்களே ஏற்று மாதத் தொகையும் தருவார்கள். பிஎச்.டி.க்கு வங்கிக்கடன் வாங்கிப் போக வேண்டிய நிலை வந்தால் அந்த இடமே வேண்டாம் என்பது என் கருத்து. ஜெர்மனியில் பெரும்பாலும் முதுநிலைப் பட்டம் கேட்பார்கள். அங்கே நீங்கள் மாணவரைவிட ஊழியர் என்றே சொல்லலாம். ஒப்பந்தம், சம்பள விகிதம், ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் உண்டு.

முடித்தால் வேலை கிடைக்குமா?

இந்தியன் ஆயிலுக்கு ஃபரிதாபாத்தில், ஹெச்பிசிஎல்லுக்கும் ஷெல்லுக்கும் பெங்களூரில் ஆராய்ச்சி மையங்கள் இருக்கின்றன. மருந்து நிறுவனங்களில் உற்பத்திமுறையைப் பெரிதாக்கும் பிரிவு, பேட்டரி, சிப் தயாரிப்புக் கருவிகள் செய்யும் நிறுவனங்கள் எல்லாம் நம் ஆட்களை எடுக்கின்றன. சிலிக்கான் தட்டில் மெல்லிய படலம் படியவைப்பது அசல் வேதிப் பொறியியல் வேலை. ஆசிரியர் வேலை என்றால் நல்ல இடங்களில் பிஎச்.டி.க்குப் பிறகு ஒன்றிரண்டு வருட போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) இல்லாமல் கடினம். சுயநிதிக் கல்லூரிகளில் இடம் கிடைக்கும், ஆனால் நீங்கள் ஐந்து வருடம் போட்ட உழைப்புக்கு ஈடான சம்பளம் பல இடங்களில் இல்லை. சம்பளம் மட்டுமே குறி என்றால், பி.டெக். முடித்து ஐந்து வருடம் ஆலையில் வேலை பார்த்தவர் உங்களைவிட முன்னால் இருக்கக்கூடும். இதை மறைக்க நான் விரும்பவில்லை.

நெறியாளரோடு ஒத்துவரவில்லை என்றால்? பாதியில் விட்டுவிடலாமா?

முதல் ஒன்றரை வருடத்துக்குள் என்றால் நெறியாளரை மாற்றிக்கொள்வது நடக்கக்கூடியதுதான். டாக்டரல் கமிட்டியில் உள்ள இன்னொரு பேராசிரியரிடம் தனியாகப் பேசுங்கள், அந்தக் கமிட்டி இருப்பதே அதற்கும்தான். விட்டுவிடுவதும் குற்றமில்லை. சில ஐஐடிகளில் நேரடியாகச் சேர்ந்தவர்கள் எம்.டெக். அல்லது எம்.எஸ். பட்டத்தோடு வெளியேற வழி இருக்கிறது, சேரும்போதே விதியைப் படித்து வையுங்கள். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், காலையில் ஆய்வக வாசலில் கால் கூசுகிறது என்றால் கேம்பஸ் ஆலோசகரைப் பாருங்கள், வீட்டில் சொல்லுங்கள். அந்த நிலையில் மூன்று மாதம் தனியாக இருந்தவள் என்பதால் சொல்கிறேன். என் ரூம்மேட் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகாமல் இருந்திருந்தால் நான் முடித்திருக்க மாட்டேன்.

வைவாவுக்கு வீட்டாரை அழைக்கலாமா?

அழைக்கலாம். ஆய்வேட்டை வெளித்தேர்வாளர்கள் குறைந்தது இரண்டு பேர் படித்து ஒப்புக்கொண்ட பிறகுதான் வைவா நடக்கும், அது எல்லோருக்கும் திறந்த கூட்டம். அறை எண்ணையும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு மணி நேரம் ஆகலாம், பெரியவர்களுக்கு இடையில் எழுந்துபோக வசதியாகக் கதவோர இருக்கை பிடித்து வையுங்கள். டிபன் ஏற்பாடு உங்கள் பொறுப்பு. ஜூனியர்கள் உதவுவார்கள். ஆய்வக உதவியாளரையும் கூப்பிட மறந்துவிடாதீர்கள், அவருக்கு முன்வரிசையில் இடம் போடுங்கள்.